போறணையில் வைத்த கல்

பேர்கன், நோர்வே
2 டிசம்பர் 2024

மச்சான்,

ஸலாம். கோபத்திலும் ஸலாம் சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிட்டேன். போனில் பேசினால் மூன்றாவது வசனத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுத்திலேயே பதில் தாருங்கள். குரல் பதிவு வேண்டாம். பின்னால் பேக்கரியில் அசனார் காக்கா பாண் தட்டுகளைப் போட்டு அடிக்கிற சத்தத்தில் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

கற்கள் வந்து சேர்ந்தன. ஓகஸ்டில் லீவில் வந்தபோது நானும் ஊர்க் கம்பஸ் வினோஜனும் மஹாஓயாவுக்கு அங்கால் அந்தக் குவாரியில் வெயிலில் காய்ந்து உடைத்தெடுத்த அதே கற்கள். ஏற்றுமதி அனுமதி வரும் மட்டும் உங்கள் பேக்கரியின் மா ஸ்டோரில் வைத்திருங்கள் என்று கையில் தந்துவிட்டு வந்தேன். பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் தந்தேன்.

நேற்று அவற்றை மெல்லிய துண்டுகளாக அறுத்து மைக்ரஸ்கோப்பில் வைத்தேன். அந்த வெள்ளைப் படிகக்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். அந்தக் குமிழ்களுக்குள் பழைய தண்ணீர் இருக்கும். நான் இந்தக் குளிரில் கிடந்து சாவதே அந்தத் தண்ணீருக்காகத்தான். ஒரு குமிழிலும் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் வெடிப்பு. மண்ணுக்குள் கிடந்த கல்லுக்கு இப்படி ஆகாது. என் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கல் ஏதும் தீ விபத்தில் அகப்பட்டதா என்று கேட்டார். இல்லை, மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது என்றேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

என்ன நடந்தது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

அஸ்மியா


ஏறாவூர்
5 டிசம்பர் 2024

அஸ்மியா,

வஅலைக்கும் ஸலாம். நன்றி என்று ஒரு சொல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் விசாரணை வந்திருக்கிறது.

சரி, வாக்குமூலம் தருகிறேன், எழுதிக்கொள். நவம்பரில் இங்கே அடித்த மழை உனக்குத் தெரியாது. நோர்வேயில் இருந்துகொண்டு உனக்கு எதுதான் தெரியும்? வாவி பெருகி, தெருவால் தண்ணீர் வந்து, ஸ்டோருக்குள் முழங்கால் மட்டும் நின்றது. மா மூட்டைகளைத் தூக்கி மேலே போட்டோம். உன் கல் சாக்கைத் தூக்க ஆள் போதவில்லை. அது சேற்றில் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கூரியர்காரனிடம் கேட்டேன். மண் ஒட்டியிருந்தால் வெளிநாட்டில் பிடித்துவைப்பார்கள் என்றான். கிணற்றடியில் குந்தியிருந்து பிரஷ் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன், நானே. மறுகா காயவைக்க வேண்டும் அல்லவா? வெயில் எங்கே? மாரிக்கு நம் தெருச் சனம் எல்லாம் என்ன செய்கிறதோ அதைத்தான் செய்தேன். பாண் இறக்கின பிறகு, பாண் சுடுகிற போறணைக்குள் வைத்தேன்.

இதில் என்ன பிழை? ஊரே கொண்டுவருகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து வருகிறது, நனைந்த கொத்தமல்லி வருகிறது, போன கிழமை பள்ளிவாசல் மைக்செட்டையே கொண்டுவந்தார்கள். செங்கலடியிலிருந்து இரத்தினம்மா அக்கா ஈரத் தலையணையோடு ஓட்டோ பிடித்து வந்தா. எல்லாருக்கும் இடம் கொடுக்கிற போறணையில் கட்டின பெண்சாதியின் கல்லுக்கு இடமில்லையா? அசனார் காக்காதான் சொன்னார்: "தம்பி, ஈரத்தோட அனுப்பினா அங்க போகக்குள்ள பூஞ்சணம் புடிச்சிரும். நல்லா ஒரு சூடு காட்டி அனுப்புவம்." சப்பாத்துக்குத்தான் சூடு ஆற விடுவோம். கல்லுக்கு என்ன வந்தது என்று, பாண் இறக்கின கையோடு உள்ளே தள்ளினோம். கல் கல்லுதானே!

வைக்க முன்னம் உனக்கு இரண்டு முறை போன் எடுத்தேன். நீ எடுக்கவில்லை. உன் போனில் பார், இருக்கும். நீ அந்த நேரம் என்னோடு கதைப்பதில்லை என்று இருந்தாய். ஏன் கதைக்கவில்லை? படிப்பு இன்னும் ஒரு வருடம் நீளலாம் என்ற செய்தியை உன் தங்கச்சி சபீனாவின் வாயால் நான் கேட்க நேர்ந்ததே, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன் என்பதற்காக. புருஷனுக்குச் சொல்லாமல் தங்கச்சிக்குச் சொல்வது எந்த ஊர் வழக்கம்?

கல்லைப் பற்றிக் கேட்டாய். இதுதான் நடந்தது.

இர்ஷாத்


பேர்கன்
6 டிசம்பர் 2024

மச்சான்,

யா அல்லாஹ்! போறணையா! கடிதத்தை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கல் கல்லுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமாகச் சொல்கிறேன், ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? இன்னொரு தடவை சொல்கிறேன், உங்கள் பேக்கரிப் பாஷையிலேயே சொல்கிறேன். மஹாஓயாவுக்கு அந்தப் பக்கம், ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன்னர், மலைநாட்டுப் பாறை நம் பக்கத்துப் பாறைக்கு மேல் ஏறியது. இலங்கையின் ஒரு பாதி மற்றப் பாதியின் முதுகில் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பாரம் காய்ந்த பாறைமேல் காய்ந்த பாறையாக நகரவே நகராது. உராயும், நொறுங்கும், அங்கேயே நிற்கும். இடையில் தண்ணீர் அகப்பட்டுக்கொண்டால் கதை வேறு. வெளியே போக வழியில்லாத தண்ணீர் மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தான் தூக்கிக்கொள்ளும். உங்கள் கடை மேசையில் அடி நனைந்த தேத்தண்ணிக் கிளாஸ் கை படாமலே வழுக்கிப் போவதைப் பார்த்ததில்லையா? அதுதான். அந்த ஆழத்துச் சூட்டில் தண்ணீர் கல்லின் மணிக்குள்ளும் புகுந்து அதை இளக வைக்கும். தண்ணீர் விடாமல் மாவைப் பிசைந்து பாருங்கள், விளங்கும்.

என் ஆய்வில் ஒரேயொரு கேள்விதான். தண்ணீர் முதலே இருந்து பாறையை நகர்த்தியதா, அல்லது எல்லாம் நகர்ந்து முடிந்த பிறகு வெடிப்புகளால் உள்ளே வந்ததா? பதில் அந்தக் குமிழ்களுக்குள் இருந்தது. நீங்கள் அதைப் பாணோடு வேகவைத்துவிட்டீர்கள். சூட்டில் தண்ணீர் விரிந்து உள்ளிருந்து வெடித்துப் போயிற்று.

ஜனவரி முடிவதற்குள் நான் அளந்து காட்டாவிட்டால் ஆய்வேடு இன்னும் ஒரு வருடம் தள்ளும். பிறகு ஊர்க் கம்பஸில் எனக்காக வைத்திருக்கிற வேலை இடமும் போய்விடும். ஆக மொத்தம் நான் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஒன்று கேட்கிறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இதைத் தெரியாமல்தான் செய்தீர்களா? அல்லது கல் பழுதானால் படிப்பு முடியாது, படிப்பு முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று நினைத்தீர்களா?

அஸ்மியா


ஏறாவூர்
19 டிசம்பர் 2024

அஸ்மியா,

உன் கடைசிக் கேள்வியை அசனார் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மனுசன் எழும்பிப் போய்விட்டார்.

உன் கல்லை நாசமாக்க நினைத்திருந்தால் வாவிக்குள் எறிந்துவிட்டு வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது என்று சொல்லியிருப்பேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? எதற்காக நான் கழுவவேண்டும்? பிரஷ் போட்டுக் கழுவினேன் என்றுதானே எழுதினேன்? அதை வாசித்தாயா இல்லையா?

ஐம்பத்தைந்து கோடி வருடம் மலைக்கு அடியில் தாங்கின தண்ணீர், என் போறணையில் ஒரு பொழுது தாங்கவில்லை. அதற்கும் நான்தான் குற்றவாளி. நல்லது.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

இர்ஷாத்


பேர்கன்
22 டிசம்பர் 2024

மச்சான்,

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. கோபத்தில் கேட்டேன். கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் அந்தக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அசனார் காக்காவிடமும் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த இரண்டு அழைப்பும் என் போனில் இருக்கின்றன, பார்த்தேன்.

இப்போது தலைபோகிற விஷயத்துக்கு வருகிறேன். வினோஜனோடு பேசினேன். நான் கல் எடுத்த அந்தப் பாறை முகத்தை ஜனவரி பிறந்ததும் வெடிவைத்து உடைக்கப் போகிறார்களாம், ரோட்டுக்குப் போடுகிற மெட்டல் கல்லுக்கு. ஊர்க் கம்பஸில் படிப்பிக்கிற வினோஜனே போயிருப்பான், அவனைக் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போட்டுவிட்டார்கள். பழைய ஏற்றுமதி அனுமதிப் பத்திரத்தில் அனுப்ப இன்னும் கொஞ்ச நிறை மிச்சமிருக்கிறது, அது போதும். ஆள்தான் இல்லை.

உங்களைக் கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஆனால் வேறு யாரைக் கேட்பேன்? நீங்கள் பேக்கரியை ஒரு நாளும் பூட்டமாட்டீர்கள் என்று தெரியும். நம் கலியாணத்தன்றைக்கே, பந்தி நடுவில் எழும்பிப் போய்ப் போறணை நெருப்பைப் பார்த்துவிட்டு வந்த ஆள் நீங்கள். யாராவது நம்பிக்கையான ஆளை அனுப்பினாலும் போதும்.

குவாரியின் மேற்குப் பக்கம், கறுப்புப் பாறைக்குள் வெள்ளை நரம்பு மாதிரிப் படிகக்கல் ஓடும். வினோஜன் சிவப்புப் பெயின்ற்றால் அடையாளம் போட்டிருக்கிறான். அந்த வெள்ளையையும், ஒட்டியிருக்கிற கறுப்பையும் சேர்த்து உடைக்க வேண்டும். பிறகு தயவுசெய்து, அல்லாஹ்வுக்காக, சூடு காட்ட வேண்டாம். போறணை வேண்டாம், அடுப்பு வேண்டாம், வெயிலும் வேண்டாம். துடைக்கவும் வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் எனக்கு அப்படியே வேண்டும்.

அஸ்மியா


ஏறாவூர்
4 ஜனவரி 2025

அஸ்மியா,

கல் அனுப்பியாயிற்று. இன்று கூரியரில் கொடுத்தேன்.

உன் குவாரி மனேஜரைப் போல ஒரு விசர் மனுசனை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. "கல்லு வேணுமெண்டா லோட் கணக்கில வாங்குங்க, இது என்ன ரெண்டு துண்டு?" என்றான். பெண்சாதி படிக்கிறா என்றேன். "கல்லைப் படிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டுச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய? சிவப்புப் பெயின்ற்றைப் பாதி மழை கழுவியிருந்தது. சுத்தியலால் அடித்து அடித்து உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று. மா பிசைகிற கை அது, உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் இந்த முறை நீ ஒரு குறையும் சொல்ல முடியாது. உடைத்த கையோடு வாளித் தண்ணீருக்குள் போட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை வாளி என் மடியில். வழியெல்லாம் தளும்பி உடுத்த சாரன் நனைந்ததுதான் மிச்சம். வாவித் தண்ணீர் ஊற்றவில்லை. அது உப்பு, உன் தண்ணீரோடு கலந்துவிட்டால் அதற்கும் ஒரு விசாரணை வரும். கிணற்றுத் தண்ணீர்தான், அதுவும் துணியில் வடிகட்டி. கூரியர்காரன் தண்ணீரோடு ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அவனோடு அரை மணித்தியாலம் சண்டை. கடைசியில் ஈரச் சாக்கில் இறுக்கிச் சுற்றி, பொலித்தீன் கட்டி, பெரியகல்லாறு ரதீஸ் இறால் அனுப்புகிற மூடி வாளி ஒன்று கேட்டு வாங்கி, அதற்குள் வைத்து அடைத்தேன். ஒரு சொட்டு வெளியே போகாது.

போதுமா?

இர்ஷாத்


பேர்கன்
17 ஜனவரி 2025

மச்சான்,

வாளி வந்தது. வந்தது என்றா சொல்வேன்? சுங்கத்திலிருந்து ஒரு பெண் போன் எடுத்து, உங்கள் பேருக்கு வந்த வாளியில் பாறை என்று எழுதியிருக்கிறது, ஆனால் இறால் மணக்கிறது, எது உண்மை என்று கேட்டாள். நேரில் போனேன். திறந்து காட்டச் சொன்னார்கள். ஈரச் சாக்கைப் பிரித்ததும் மூன்று பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். ஏன் கல்லை நனைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். எப்படிச் சொல்வேன்? "என் புருஷன் கல்லுக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்துவிட்டார்" என்றேன்.

மச்சான், என் தங்க மச்சான், குமிழுக்குள் உள்ள தண்ணீர் வெளியே போகவும் போகாது, வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே வரவும் வராது. பலமாகச் சூடு காட்டாமல் இருந்தால் போதும். ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு அனுப்பியிருக்கலாம்! பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு... வடிகட்டின கிணற்றுத் தண்ணீர் வேறு! அந்த வரியை வாசித்துவிட்டு ட்ராமில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இந்த நாட்டுக்கு வந்து இப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடிய அழுகையும் வந்தது.

கற்கள் நன்றாக இருக்கின்றன. குமிழ்களில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. இரவு பகலாக அளந்துகொண்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். வினோஜன் போன் எடுத்தான். நீங்கள் எழுதாத கதை எல்லாம் குவாரிக் காவலாளி மூலம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாள் கரடியனாற்றுக்கு அங்கால் ரோட்டில் வெள்ளம் என்று திரும்பி வந்தீர்களாம். அடுத்த நாள் மறுபடி போனீர்களாம். அன்றைக்கு வெடிக்குத் துளைகூடப் போட்டு முடித்துவிட்டார்களாம். நீங்கள் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்குக் கல் உடைத்து முடியும் மட்டும் அசையமாட்டேன் என்றீர்களாம். அந்த இரண்டு நாளும் பேக்கரி பூட்டிக் கிடந்ததாம். போறணை அணைந்து போயிற்றாம்.

கலியாணத்தன்றைக்கும் அணைக்காத போறணை அது! ஏன் எனக்கு எழுதவில்லை? உள்ளங்கை கொப்பளித்ததை மட்டும் எழுதத் தெரிகிறது. எல்லாவற்றையும் மூன்றாம் ஆளின் வாயால்தான் நான் கேட்க வேண்டுமா?

அஸ்மியா


ஏறாவூர்
28 ஜனவரி 2025

அஸ்மியா,

மூன்றாம் ஆள் வாயால் கேட்டால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்ததா? நல்லது, அதோடு கணக்கு நேராயிற்று.

கடையைப் பூட்டித் தன்னை ஏன் வீட்டுக்குப் போகச் சொன்னாய் என்று அசனார் காக்கா ஒரு கிழமை என்னோடு முகம் கொடுக்கவில்லை. போறணை ஆறினால் மறுபடி சூடேற்ற என்ன பாடு என்று உனக்குத் தெரியாது. போறணைக் கல் அடுக்குக்குள் மாரி ஈரம் ஏறிவிட்டது. முதல் பாண் எல்லாம் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கரி. சனம் திட்டினது போதும். இதை எழுதினால் மட்டும் நீ பிளேன் ஏறி வந்து போறணை ஊதப் போகிறாயா? அதுதான் எழுதவில்லை.

நீ ஏன் முடிவை எழுதவில்லை? ஜனவரி முடியப் போகிறது. தண்ணீர் முதலா, பிறகா? இங்கே கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்கிறான். மேசையில் கிளாஸை நனைத்து வழுக்க விட்டுக் காட்டிக் காட்டி நான் இரண்டு கிளாஸ் உடைத்துவிட்டேன். ஓம் என்றால் ஓம் என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது. நல்ல முடிவு வராவிட்டாலும் எழுது. இன்னொரு வருடம் என்றாலும் என்னிடம் முதலில் சொல்லு. சபீனா சொல்லி நான் தலையாட்டுவது இனிமேல் நடக்காது.

கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கோபம்தான். வீட்டுக்குப் போனால் விளக்குப் போட ஒரு ஆள் இல்லை. அதனால்தான் போறணை நெருப்பைப் பார்த்துக்கொண்டு கடையிலேயே கிடக்கிறேன். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இர்ஷாத்


பேர்கன்
9 பெப்ரவரி 2025

மச்சான்,

முதலில் உங்களுக்குத்தான். சபீனாவுக்கு இன்னும் தெரியாது.

ஓம். தண்ணீர் முதலே இருந்திருக்கிறது. பாறை நகர்ந்துகொண்டிருக்கும்போதே படிகம் வளர்ந்து, தண்ணீரை உள்ளே மூடி, பிறகு அந்தப் படிகமே இழுபட்டு நீண்டிருக்கிறது. நகர்ந்து முடிந்த பிறகு வந்த தண்ணீராக இருந்தால் அப்படி இழுபட்டிருக்காது. முழு இலங்கைக்கும் இதைச் சொல்ல என்னால் ஏலாது, அந்தக் குவாரியின் அந்த வெள்ளை நரம்புக்கு மட்டும் சொல்வேன். அது போதும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஜனவரி கடைசியில் அளவுகளைக் கொடுத்தேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அவர் வாயால் கேட்கும் மட்டும் உங்களுக்கு ஆசை காட்டப் பயம். ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை ஒப்படைத்துவிட்டேன். வாய்மொழிப் பரீட்சை ஜூனில், அதை ஏறாவூரில் இருந்தே ஸூமில் செய்யலாம் என்கிறார்கள்.

நன்றிப் பக்கத்தில் உங்கள் பேரோடு அசனார் காக்காவின் பேரும் இருக்கிறது. போறணையில் வெந்த கற்களும் வீண் போகவில்லை. சூடு காட்டினால் குமிழ் எப்படி வெடிக்கும் என்று காட்ட ஒரு படமாகப் போட்டிருக்கிறேன். கீழே "ஏறாவூர், பாண் போறணை" என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அழிக்கச் சொன்னார், நான் அழிக்கவில்லை.

24ஆம் திகதி விடியற்காலையில் கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்குகிறேன். நோன்புக்கு முந்தின கிழமை, பேக்கரியில் உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்று தெரியும். போன மாதம்தான் போறணை ஆறிப் பட்ட பாடும் தெரியும். அதனால் நீங்கள் கரைச்சல்படவேண்டாம். வினோஜன் கொழும்பில்தான் இருக்கிறான். வேனோடு வரச் சொல்லியிருக்கிறேன். நான் நேரே கடைக்கு வருகிறேன்.

அஸ்மியா


ஏறாவூர்
10 பெப்ரவரி 2025

அஸ்மியா,

உனக்கு மூளை இருக்கிறதா? இல்லை, அதையும் அறுத்து மைக்ரஸ்கோப்பில் வைத்துவிட்டாயா?

வினோஜனுக்குப் போன் எடுத்து நன்றாகக் கொடுத்துவிட்டேன். எண்ட பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வர நீ ஆருடா என்று கேட்டேன். அவன் சிரிக்கிறான். நான் வேறு வேன் பேசியாயிற்று. நீ இறங்கினதும் அந்தக் கண்ணாடிக் கதவடியிலேயே நில். அங்கே இங்கே போகாதே. பெட்டிகளை நீ தூக்காதே.

உன் முடிவை அசனார் காக்காவுக்குச் சொன்னேன். தன் பேர் புத்தகத்தில் வருகிறது என்றதும் மனுசனுக்குத் தலைகால் தெரியவில்லை. இன்றைக்குச் சுட்ட பணிஸில் சீனி இரட்டிப்பு.

மழை இன்னும் விட்டபாடில்லை. தெரு முழுக்க ஈரம். 23ஆம் திகதி விடிய பாண் இறக்கின கையோடு போறணையை அணைத்துவிட்டு வெளிக்கிடுவேன் என்று காக்காவிடம் சொன்னேன். திரும்பி வந்தாலும் இரண்டு நாளைக்கு மூட்டமாட்டேன் என்றும் சொன்னேன். நோன்பு வருகிற நேரத்தில் விசரா என்று துள்ளினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அப்ப ஈரச் சாமானோட வாற சனத்துக்கு என்னத்தச் செல்றது தம்பி?"

"வெயில் வரும் மட்டும் பொறுக்கச் செல்லுங்க காக்கா" என்றேன். "நான் மூணு மாரி பொறுத்துட்டன்."

இர்ஷாத்